கிரகணத்தன்று நெருப்பு எங்கே போனது?

வாசகர் கேள்வி – பதில்: ‘அவதார்’ சிறப்புப் பக்கம்

நீல மனிதர்கள் வரும் படம் அல்ல. நீர், நிலம், நெருப்பு, காற்று நான்கையும் கையசைவில் ஆட்டிவைக்கும் ‘அவதார்: தி லாஸ்ட் ஏர்பெண்டர்’ பற்றித்தான் இந்தப் பக்கம். அப்படி ஆட்டிவைக்கும் வித்தைக்குப் பெயர் பெண்டிங்: நெருப்பை ஆள்பவர் ஃபயர்பெண்டர், நீரை ஆள்பவர் வாட்டர்பெண்டர், நிலத்தை ஆள்பவர் எர்த்பெண்டர். நான்கையும் ஆளக்கூடியவர், இறந்தால் மறுபடி பிறப்பவர், அவதார்; இந்தக் கதையில் அது ஆங் என்ற சிறுவன். மைக்கேல் டான்டே டிமார்ட்டினோவும் பிரையன் கோனியட்ஸ்கோவும் உருவாக்கிய தொடர். 2005 பிப்ரவரி முதல் 2008 ஜூலை வரை நிக்கலோடியனில் 61 எபிசோட். ஆங்குக்கு அடுத்த அவதாரான கோர்ராவின் கதை, அதன் தொடர்ச்சியான ‘லெஜண்ட் ஆஃப் கோர்ரா’, 2012 முதல் 2014 வரை 52 எபிசோட். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கேள்வியே இல்லை, தியரிதான். வரவேற்கிறோம். ஒரே நிபந்தனை: தியரிக்குச் சாட்சி எபிசோடுக்குள் இருக்க வேண்டும். கடைசிவரை பார்க்காதவர்கள் பக்கத்தைப் புரட்டிவிடலாம். எல்லாக் குட்டும் இங்கே உடைகிறது.

இரவில் சூரியனே இல்லை. அப்போதும் ஃபயர்பெண்டர்கள் ஜோராக நெருப்பு விடுகிறார்கள். சூரிய கிரகணத்தின் எட்டு நிமிடம் மட்டும் ஏன் ஒரு பொறிகூட வரவில்லை? இது ஓட்டைதானே?
(வாசகி, திருநெல்வேலி)

வெளிச்சத்தின் அளவை வைத்துப் பார்த்தால் ஓட்டைதான். நள்ளிரவைவிடக் கிரகண இருட்டு லேசானது. அடிவானத்தைச் சுற்றி மங்கல் ஒளி இருந்துகொண்டே இருக்கும். ஆனால் தொடர் எங்கேயும் வெளிச்சத்தை அளவுகோலாக வைக்கவில்லை. இரவில் ஃபயர்பெண்டர் தளர்வார், வாட்டர்பெண்டர் எழுவார், விடிந்தால் தலைகீழ். சக்தி ஏறி இறங்குமே தவிர அறுந்துபோகாது. அறுந்துபோவது இரண்டே சமயத்தில். ஒன்று, முதல் சீசன் முடிவில் நெருப்பு நாட்டுக் கடற்படைத் தளபதி ஜாவ் சந்திர ஆவியான மீனைக் கொன்றபோது வாட்டர்பெண்டிங் அடியோடு நின்றது. இன்னொன்று, சந்திரன் சூரியனுக்கு நேர் முன்னே வந்து நின்ற இந்த எட்டு நிமிடம்.

இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தவர்கள் சொல்லும் தியரி இது: இரவில் சூரியனை மறைப்பது பூமி, அதற்கு நெருப்போடு பகை இல்லை. கிரகணத்தில் மறைப்பது சந்திரன், அதாவது நீரின் ஆவியே. இருட்டு ஒரு பொருட்டில்லை, குறுக்கே நிற்பது யார் என்பதுதான் கணக்கு. இதை யாரும் வாய்விட்டுச் சொல்லும் எபிசோட் கிடையாது. ஆனால் இந்த விளக்கத்தை உடைக்கும் காட்சியும் கிடையாது. நாங்கள் ஏற்றுக்கொள்கிறோம்.

எட்டு நிமிடம் என்பதில் மட்டும் கொஞ்சம் தாராளம் காட்டியிருக்கிறார்கள். நம் பூமியில் முழு கிரகணம் அதிகபட்சம் 7 நிமிடம் 32 வினாடிக்கு மேல் நீள முடியாது. 2009 ஜூலை 22 கிரகணம் இந்த நூற்றாண்டிலேயே நீளமானது; அதுவே உச்சத்தில் 6 நிமிடம் 39 வினாடிதான். அந்த உலகத்துச் சந்திரன் கொஞ்சம் பெரிது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வாட்டர்பெண்டர் கிழவி ஹாமா பௌர்ணமியில் பிளட்பெண்டிங் (அடுத்தவர் உடம்பிலுள்ள நீரைப் பிடித்து ஆளையே ஆட்டிவைப்பது) செய்கிறாள். இரண்டு எபிசோட் தள்ளி சூரிய கிரகணம். கிரகணம் அமாவாசையில்தான் வரும். பஞ்சாங்கம் பார்க்காமல் எழுதிவிட்டார்களோ?
(வாசகர், கும்பகோணம்)

பார்த்துத்தான் எழுதியிருக்கிறார்கள் போல. கணக்குப் போடுவோம். மூன்றாம் சீசனின் எட்டாவது எபிசோட் ‘தி பப்பெட்மாஸ்டர்’. பௌர்ணமி இரவு. அடுத்த எபிசோடில், கிரகணத்தன்று நெருப்பு நாட்டைத் தாக்கும் படை கூட வேண்டிய இடத்துக்கு ஆங் கூட்டம் வந்து சேரும்போது தாக்குதலுக்கு இன்னும் நான்கு நாள் இருக்கிறது. ஆங் அந்த நாட்களைத் தூங்காமல் கழிப்பதுதான் கதையே. அடுத்து கிரகணம். பௌர்ணமிக்கும் அமாவாசைக்கும் இடையே பதினைந்து நாள் அளவு. நான்கைக் கழித்தால் பத்துப் பதினொரு நாள் பயணத்துக்கு மிச்சம். ஆங்கிடம் ‘அப்பா’ என்ற பெயருள்ள பறக்கும் காட்டெருமை இருக்கிறது, தாராளமாகப் போதும்.

இன்னொரு முடிச்சும் பொருந்துகிறது. பதினாறாவது எபிசோட் ‘தி சதர்ன் ரெய்டர்ஸ்’. அம்மாவைக் கொன்றவன் என்று நினைத்து கப்பல் தலைவனை ஆங்கின் தோழியான வாட்டர்பெண்டர் கட்டாரா பிளட்பெண்டிங்கில் மடக்கும் இரவு மறுபடி பௌர்ணமி. கிரகணத்துக்கும் அதற்கும் நடுவில் மேற்குக் காற்றாலயம், டிராகன்களிடம் பாடம், கொதிக்கும் பாறைச் சிறை. இரண்டு வாரம் சரியாக இருக்கும். பிறகு எம்பர் தீவில் தங்கல். நெருப்புக்கு அசுர பலம் தரும் வால்நட்சத்திரம் வர மூன்றே நாள் என்று, ஆங் பக்கம் வந்துவிட்ட நெருப்பு நாட்டு இளவரசன் ஜூக்கோ கத்துவது அதற்கும் பிறகு. ஆக மூன்றாம் சீசனின் பின்பாதி முழுக்க ஒரு மாதத்தைச் சற்றுத் தாண்டும் கதை. சீசன் என்றதும் வருடக்கணக்கில் நினைத்துக்கொள்கிறோம். ஆங் பனியிலிருந்து வெளியே வந்தது குளிர்கால நடுவுக்குச் சில வாரம் முன்னே. நெருப்பு நாட்டு அரசன் ஓஜாயோடு மோதியது அந்தக் கோடையின் முடிவில். மொத்தக் கதையும் ஒரு வருடத்துக்குள் முடிந்துவிடுகிறது.

நமக்குப் பூதம் ஐந்து. இவர்களுக்கு மட்டும் நாலு. ஆகாயத்தை எங்கே விட்டார்கள்?
(வாசகர், யாழ்ப்பாணம்)

விடவில்லை, ஒளித்து வைத்திருக்கிறார்கள். இரண்டாம் சீசனின் பத்தொன்பதாவது எபிசோட் ‘தி குரு’. வெங்காயமும் வாழைப்பழமும் அடித்த சாற்றைக் குடிக்கக் கொடுத்துவிட்டு, குரு பதிக் ஏழு சக்கரங்களையும் ஆங்குக்குத் திறந்து காட்டுகிறார். வரிசையைக் கவனியுங்கள்: முதலில் நிலம், அதை அடைத்திருப்பது பயம். பிறகு நீர், குற்ற உணர்ச்சி. நெருப்பு, அவமானம். காற்று, துக்கம். ஐந்தாவதாகத் தொண்டையில் ‘ஒலி’, அதை அடைப்பது பொய். ஆறாவது ஒளி, மாயை. உச்சந்தலையில் எண்ணம், பற்று.

மூலாதாரம், சுவாதிட்டானம், மணிபூரகம், அநாகதம், விசுத்தி என்று யோக நூல்கள் பொதுவாக அடுக்கும் வரிசையில் ஐந்தாவதான விசுத்திக்கு உரியது ஆகாயம். ஆகாயத்தின் குணம் ஓசை. ஆக, குரு பதிக் சொன்ன ஒலிச் சக்கரம் வேறெதுவும் இல்லை, நம்முடைய ஐந்தாம் பூதம்தான். அதற்கு ஒரு நாடும் ஒரு பெண்டிங்கும் கொடுக்காமல், அவதாரின் உடம்புக்குள்ளே வைத்துவிட்டார்கள். பெயரே ‘அவதார்’, ஃபயர்பெண்டர்கள் ஒண்டிக்கு ஒண்டி மோதும் சண்டைக்கு ‘அக்னி கை’, போதிப்பவர் குரு: வடமொழி வாசனை தொடர் முழுக்க உண்டு. (‘கை’யைத் தமிழ் என்று உரிமை கொண்டாட வேண்டாம், தயவுசெய்து.)

நாடுகளின் உடை, கட்டடம், எழுத்து எல்லாம் பெரும்பாலும் கிழக்காசியா. திரையில் வரும் சீன எழுத்துகள் கிறுக்கல் இல்லை, படிக்கக்கூடியவை.

போராளிச் சிறுவன் ஜெட் செத்தானா இல்லையா?
(வாசகர், சேலம்)

எம்பர் தீவில் தங்கள் கதையையே நாடகமாகப் பார்த்துவிட்டு இதே சந்தேகத்தை ஜூக்கோ கேட்கிறான். “அது ஒண்ணும் தெளிவா இல்லை” என்று கட்டாராவின் அண்ணன் சோக்கா சொல்கிறான். எழுதியவர்களே கிண்டல் பண்ணிவிட்ட பிறகு நாம் என்ன சொல்ல?

ஜூக்கோவின் தங்கை அஜூலாவின் நெருப்பு நீலம். நீலம் என்றால் சூடு அதிகம், அதனால்தான் அவள் ஜூக்கோவைவிடப் பலசாலி. சரியா?
(வாசகி, கோயம்புத்தூர்)

பாதி சரி. வீட்டு கேஸ் அடுப்பைப் பாருங்கள். பர்னர் ஓட்டைகள் சுத்தமாக இருந்தால் சுடர் நீலம். ஓட்டையில் பால் பொங்கி அடைத்துக்கொண்டால் காற்று போதாமல் சுடர் மஞ்சளாகி, பாத்திரத்தின் அடியில் கரி பிடிக்கும். மஞ்சள் என்பது எரியாமல் மிஞ்சிய கரித்துகள் தகதகப்பதன் நிறம். நீலம் என்பது எல்லாம் முழுக்க எரிவதன் அடையாளம். மெழுகுவத்தியின் மஞ்சள் பகுதி சுமார் 1,200 டிகிரி செல்சியஸ். கேஸ் சுடர் 1,900ஐத் தொடும். அந்த மட்டில் உங்கள் கணக்கு சரி. ஆனால் அந்த நீலம் சூட்டினால் வரும் நிறம் அல்ல, எரியும்போது உண்டாகும் மூலக்கூறுகள் உமிழும் நிறம். ‘நீலமானால் சூடு’ என்பதை எல்லா இடத்திலும் நீட்ட முடியாது.

இதிலிருந்து அழகான தியரி ஒன்று கிளம்பும். ஃபயர்பெண்டிங்கின் பலம் தசையில் இல்லை, மூச்சில் இருக்கிறது என்று முதல் எபிசோடிலேயே ஜூக்கோவின் பெரியப்பா ஐரோ சொல்கிறார். மூச்சு என்றால் காற்று. காற்று சரியாகக் கலந்தால் நீலம். ஆகவே நீலம் என்பது மூச்சு அடக்கத்தின் உச்சம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இரண்டு இடத்தில் இடிக்கிறது. ஐரோவைவிட மூச்சு அறிந்தவர் யார்? அவர் நெருப்பு ஆரஞ்சு. கடைசி அக்னி கையில் அஜூலாவின் மனம் சிதறி, மூச்சு இரைத்து, கால் தடுமாறுகிறது. சுடர் மட்டும் அப்படியே நீலம். அடக்கம்தான் காரணமென்றால் அந்த இடத்திலாவது நிறம் குலைந்திருக்க வேண்டும். ரான், ஷா என்ற இரண்டு டிராகன்களின் நெருப்பு வானவில் மாதிரிப் பல நிறம் காட்டுவதையும் சேர்த்துப் பாருங்கள். நிறம் ஆளின் முத்திரை, அளவுமானி அல்ல என்பதே எங்கள் கட்சி. அண்ணனும் தங்கையும் மோதும் காட்சியில் யார் நெருப்பு எது என்று பிரித்துக் காட்டும் சௌகரியமும் இருக்கிறதே.

மின்னலைத் திருப்பிவிடும் வித்தையைப் படிப்படியாகச் சொல்லுங்கள். ஜூக்கோ தன் தந்தை ஓஜாயின் மின்னலைத் திருப்பினான். அஜூலாவின் மின்னலில் மட்டும் ஏன் விழுந்தான்?
(வாசகர், மதுரை)

முதலில் மின்னல் உண்டாவது எப்படி: உள்ளே இருக்கும் நேர், எதிர் சக்திகளைப் பிரிப்பது. பிரிந்தவை மறுபடி மோதும்போது மின்னல் பிறக்கும். பெண்டர் அதை உண்டாக்குவதில்லை, வழிகாட்டுகிறார். அதற்கு மனம் குளிர்ந்திருக்க வேண்டும். ஜூக்கோ முயன்றபோதெல்லாம் முகத்துக்கு முன்னே வெடித்ததற்கு அதுவே காரணம். நிஜ மேகத்திலும் பனித்துகள்கள் உரசி மேலே நேர்மின்னூட்டமும் கீழே எதிர்மின்னூட்டமும் பிரிவதுதான் முதல் படி. கதைக்காரர்கள் பாடப்புத்தகத்தைத் தொட்டுப் பார்த்திருக்கிறார்கள்.

திருப்பிவிடுவது ஐரோ வாட்டர்பெண்டர்களைக் கவனித்துக் கண்டுபிடித்தது. ‘பிட்டர் வொர்க்’ எபிசோடில் சொல்லித் தருகிறார். இரண்டு விரல் நீட்டி நுனியில் வாங்க வேண்டும். கை வழியே தோளுக்கு ஏற்றி, அங்கிருந்து வயிற்றுக்கு இறக்கி, மறு தோளுக்கு ஏற்றி, மறு கையின் விரல் வழியே வெளியே விட வேண்டும். வயிற்றுக்கு இறக்குவது எதற்கு? நேரே விட்டால் நடுவில் இதயம் இருக்கிறது.

தந்தையோடு மோதியபோது ஜூக்கோ இரண்டு காலும் தரையில் ஊன்றி, வருவதை எதிர்பார்த்து நின்றான். அஜூலா குறிவைத்தது கட்டாராவை. அவன் குறுக்கே பாய்ந்தான். மின்னல் தொட்டபோது கால் தரையிலேயே இல்லை. விரலில் வாங்கி வயிற்றுக்கு இறக்க அவகாசம் கிடைக்கவில்லை. கொஞ்சம் வெளியே போனது, மிச்சம் மார்பில் இறங்கியது. ஆங் கடைசிச் சண்டையில் ஓஜாயின் மின்னலை முழுசாக வாங்கி, ஆளைக் கொல்ல மனமில்லாமல் வானத்துக்கு விட்டான். வித்தை ஒன்றுதான், நிதானம்தான் வேறு.

இளைய வாசகர்களுக்கு: நிஜ மின்சாரத்துக்கு வயிற்று வழி, தோள் வழி எல்லாம் தெரியாது. ஒரு கையில் ஏறி மறு கையில் இறங்கினால் நடுவில் நெஞ்சுதான். வீட்டு மின்சாரத்தில் பத்திலொரு ஆம்பியர் நெஞ்சைக் கடந்தாலே இதயத் துடிப்பு குலைந்து உயிர் போகலாம்.

லயன் டர்ட்டில் என்ற ராட்சத ஆமை கடைசி நேரத்தில் திடீரென்று வந்து, அடுத்தவரின் பெண்டிங்கையே பறிக்கும் எனர்ஜிபெண்டிங்கை ஆங்குக்குக் கொடுத்துவிட்டுப் போனது. எழுத்தாளர்கள் மாட்டிக்கொண்டு தப்பித்த வழி இது.
(வாசகர், சென்னை)

கோபம் நியாயம்தான், முழு நியாயம் இல்லை. இரண்டாம் சீசனின் நூலக எபிசோடில் ஆங் புரட்டும் படத்தில் அந்த மிருகம் இருக்கிறது. பெண்டிங்கை ஒருவர் உடம்பிலிருந்து அடைக்க முடியும் என்பதை அஜூலாவின் தோழி டை லீ ஒவ்வொரு சண்டையிலும் நரம்பு முடிச்சில் குத்திக் காட்டிக்கொண்டே இருக்கிறாள். ஆங் கொல்ல மாட்டான் என்பது முதல் சீசனிலிருந்தே தெரியும். ஆக மூன்று கல்லும் முன்பே போடப்பட்டிருக்கின்றன. பாலம் மட்டும் கடைசி எபிசோடில் அவசரமாகக் கட்டப்பட்டது. கியோஷி உட்பட முந்தைய நான்கு அவதார்களிடம் ஆங் யோசனை கேட்கிறானே, அவர்களில் ஒருவராவது இந்த வித்தையைக் காதில் போட்டிருக்கலாம். அதுதான் உண்மையான குறை.

இதோடு சேர்த்துப் பலர் கேட்பது: பெண்டிங்கை மனிதருக்குக் கற்றுத்தந்தது மிருகங்களா, லயன் டர்ட்டிலா? காற்றைப் பறக்கும் காட்டெருமையிடமும், நிலத்தை பேட்ஜர்மோலிடமும், நெருப்பை டிராகனிடமும், நீரைச் சந்திரனிடமும் கற்றார்கள் என்று முதல் தொடர் சொன்னது. கோர்ராவின் இரண்டாம் சீசனில் 2013இல் வந்த ‘பிகினிங்ஸ்’, லயன் டர்ட்டில்தான் சக்தியைக் கொடுத்தது என்றது. முரண் போலத் தெரியும். அதே எபிசோடில் முதல் அவதாரான வான், நெருப்பை லயன் டர்ட்டிலிடம் வாங்கிக்கொண்டு, அதை ஆளும் அசைவை வெள்ளை டிராகனிடம் கற்கிறான். கொடுத்தவர் ஒருவர், பழக்கியவர் இன்னொருவர். ஒருவர் வீணையை வாங்கித் தந்து, இன்னொருவர் வாசிக்கக் கற்றுத் தரலாம் அல்லவா?

உலோகம் வளையும், பிளாட்டினம் மட்டும் வளையாது. ஏன்?
(வாசகி, கோலாலம்பூர்)

ஆங்கின் எர்த்பெண்டர் தோழி டாஃப் இரும்புப் பெட்டிக்குள் அடைபட்டு, தட்டித் தட்டிப் பார்த்துக் கண்டுபிடித்தது: உலோகம் என்பது சுத்திகரித்த நிலம், அதற்குள் இன்னும் கொஞ்சம் மண் துணுக்கு மிச்சம் இருக்கிறது, அதைப் பிடித்தால் உலோகமும் வரும். கோர்ரா காலத்தில் எந்திரங்களைத் தூய பிளாட்டினத்தில் செய்தார்கள். பிடிக்க மண் இல்லை, ஆகவே டாஃபின் மகள் லின் கை ஓங்கியும் அசையவில்லை. விதி தெளிவு.

இதைவிடச் சுவையான சோதனை முதல் சீசனின் ஆறாவது எபிசோடில் இருக்கிறது. எர்த்பெண்டர்களைக் கடல் நடுவே இரும்புச் சிறையில் வைத்திருக்கிறார்கள், மண் படாமல். ஆங் காற்றால் நிலக்கரியை மேலே தள்ளிவிட, கைதிகள் அதை வைத்தே சண்டை போடுகிறார்கள். நிலக்கரி மக்கிய மரம்! பூமிக்குள் கிடந்து கல்லானால் போதும், மூலம் செடியா மண்ணா என்று நிலம் கேட்பதில்லை போலிருக்கிறது.

சண்டை அசைவுகள் நிஜமா? எந்தக் கலை எது?
(வாசகர், ஈரோடு)

நிஜம். சிஃபு கிசு என்ற பயிற்சியாளர் ஆலோசகர். நீர் தாய் சி, நிலம் ஹுங் கார், நெருப்பு வட ஷாவோலின், காற்று பாகுவா. பாகுவாவில் வட்டமாகச் சுற்றி நடப்பதே பாடம். ஆங் எதிராளியைச் சுற்றிக்கொண்டே இருப்பது அதனால். டாஃப் மட்டும் ஹுங் கார் அல்ல, தெற்குக் கும்பிடுபூச்சிப் பாணி. கண் தெரியாதவள், பாதத்தால் அதிர்வைப் படிப்பவள்; காலைத் தூக்கித் தாவாமல் கிட்ட நின்று குறுக்கி அடிக்கும் பாணி அவளுக்கென்றே வந்த மாதிரி. மண்ணை நம்பிப் பார்ப்பவளுக்கு மணலும் மரத்தரையும் ஏன் சிக்கல் என்பதும் இதிலேயே இருக்கிறது.

கியோஷி 230 வருடம் வாழ்ந்தார். ஆங் மட்டும் ஏன் அற்பாயுசு?
(வாசகி, புதுச்சேரி)

காலண்டர்படி ஆங்கின் வயது 165. பனிக்கட்டிக்குள் கிடந்த நூறைக் கழித்தால் அறுபத்தைந்து சொச்சம். அந்த நூறு வருடமும் அவதார் நிலையிலேயே (முந்தைய அவதார்களின் சக்தியெல்லாம் ஒன்றாக எழும் நிலை) உயிரைப் பிடித்திருந்ததால் உள்ளே இருந்த உயிர்ச்சக்தி கரைந்துபோனது என்பது தொடரின் விளக்கம். ஆங்குக்கு முந்தைய அவதார் ரோக்கு எழுபதில் எரிமலையில் போனார். கியோஷிதான் விதிவிலக்கு, அவரை வைத்து மற்றவர்களை அளக்க வேண்டாம்.

புதிதாகப் பார்க்கப்போகிறேன். எந்த வரிசை? எதைத் தாண்டலாம்? 2010 படம் பார்க்கலாமா?
(வாசகர், திருச்சி)

முதலில் மூன்று சீசன்: நீர் 20, நிலம் 20, நெருப்பு 21. எபிசோட் 23 நிமிடம் என்றால் மொத்தம் இருபத்து மூன்றரை மணி நேரத்துக்குள். தினம் மூன்று பார்த்தால் மூன்று வாரம். முதல் சீசனின் பதினோராவது, ‘தி கிரேட் டிவைட்’, தாண்டினாலும் கதை குறையாது. எம்பர் தீவு நாடகத்திலேயே அந்தப் பள்ளத்தாக்கை நிற்காமல் பறந்து தாண்டுகிறார்கள். ‘டேல்ஸ் ஆஃப் பா சிங் சே’ கதையை நகர்த்தாது, ஆனாலும் தாண்டாதீர்கள். ஐரோவுக்குக் குரல் கொடுத்த மாக்கோ 2006இல் காலமானார்; அதிலுள்ள ஐரோ பகுதி அவருக்குக் காணிக்கை. அப்புறம் கோர்ரா. அதில் நான்காம் சீசனின் எட்டாவது எபிசோட் பழைய காட்சிகளின் தொகுப்பு, பட்ஜெட் வெட்டின் விளைவு, அதைத் தாண்டலாம்.

2010 படத்தை இயக்கிய மனோஜ் நைட் ஷியாமளன் மாஹேயில் பிறந்தவர், அம்மா தமிழர். அந்தப் பாசம் இருந்தாலும் சொல்லியாக வேண்டும்: படத்தின் கோளாறு நடிப்பில் ஆரம்பிக்கவில்லை, விதியில் ஆரம்பிக்கிறது. ஃபயர்பெண்டருக்குப் பக்கத்தில் நெருப்பு இருந்தால்தான் வேலை நடக்கும் என்று மாற்றினார்கள். அதோடு நெருப்பு நாட்டைப் பார்த்தால் வரும் பயமும் போனது. எர்த்பெண்டர்களை மண் தரையிலேயே சிறை வைத்தார்கள். மேலே நிலக்கரி எபிசோடைப் பற்றிப் படித்தீர்களே, அதற்குப் பிறகு இதைப் பார்க்கச் சிரிப்புத்தான் வரும்.

கோர்ரா முந்தைய அவதார்களோடு தொடர்பை இழந்துவிட்டாள். அடுத்த அவதாருக்கு ஆங், ரோக்கு யாருமே கிடைக்க மாட்டார்களா?
(வாசகி, கொழும்பு)

கிடைக்க வழி தெரியவில்லை. இரண்டாம் சீசன் முடிவில், அவதாருக்குள் வாழும் ஒளி ஆவியான ராவாவைக் கோர்ராவின் உடம்பிலிருந்து பிடுங்கி அடித்து நொறுக்கியபோது, பத்தாயிரம் வருடச் சங்கிலி கண்ணி கண்ணியாக அறுந்தது. ராவா திரும்பி வந்தது, நினைவுகள் வரவில்லை. அவதார் நிலையில் கொல்லப்பட்டால் சுழற்சியே நின்றுவிடும் என்று ரோக்கு சொன்னதும் இதுவும் ஒன்றல்ல. சுழற்சி நிற்கவில்லை, நினைவுப் பெட்டகம்தான் காலி.

நெருப்பு, காற்று, நீர், நிலம் என்ற வரிசைப்படி அடுத்தது நிலம். 2025 பிப்ரவரியில் அறிவித்த ‘செவன் ஹேவன்ஸ்’ தொடரின் நாயகியும் எர்த்பெண்டர்தான். பேரழிவில் உடைந்த உலகம், அவதாரை மனிதகுலத்தை அழித்தவள் என்று பார்க்கும் மக்கள், கூடப் பிறந்த இரட்டையர் ஒருவர் என்பது அறிவிப்பு. யோசனை கேட்க அவளுக்கு இருக்கும் ஒரே முன்னோடி கோர்ரா. அழிவுக்குக் கோர்ரா காரணம் என்று உலகம் நம்பினால், அந்த ஒரே ஆளிடம் இவள் பேசவே மறுப்பாளோ என்பது எங்களுக்கு வந்த தியரிகளில் சிறந்தது. அனுப்பியவர் கடிதத்தில் பெயர் எழுத மறந்துவிட்டார்.